பதினொரு கேட்டுகள் மூடிய மதியம்

அந்த மதியத்தை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும், உட்கார்ந்தபடி சொல்லி முடிக்க என்னால் முடிவதில்லை. பாதியில் எழுந்து நின்றுவிடுவேன். கை வீசிப் பேசுவேன், குரல் ஏறிவிடும். "மெதுவா சொல்லுங்க, தெருவுக்கே கேக்குது" என்பாள் என் மனைவி. இப்படிப் பேசுவது எனக்கே புதிது. ராணுவத்திலிருந்து வந்து ஐந்து வருடம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவன் நான்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், கார் கதவுகளுக்கு உள்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டியாக இருக்கிறேன். சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம்; இப்போது குடியிருப்பது ஸ்ரீபெரும்புதூரில். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தேன். அதில் கடைசி எட்டு வருடம் என் முதுகில் வயர்லெஸ் செட் இருந்தது. இந்தச் சாலையில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றாலும் எங்களைப் போல ஒருவர் இருப்பார். ஷூ பளபளவென்று இருக்கும், முதுகு வளையாது. பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வயர்லெஸ்காரனாக இருந்த நான் கேட்டில் வாக்கி டாக்கியைத் தொடுவதில்லை. வண்டி எண் எழுதும் ரெஜிஸ்டரை நான் எடுத்துக்கொண்டு, வாக்கியைக் கூட நிற்பவரிடம் தள்ளிவிடுவேன். அது 'கர்ர்' என்று இரையும்போது என் உள்ளங்கை வேர்க்கும். பேனா வழுக்கும். யாராவது கேட்டால் வெயில் என்பேன். மார்கழி மாதத்திலும் வெயில் என்றுதான் சொன்னேன்.

நடந்தது இதுதான். எல்லையோரம் ஒரு மலைச்சரிவில் எங்கள் போஸ்ட். ஒரு காலையில் எதிர்ப்பக்கத்திலிருந்து குண்டுகள் விழ ஆரம்பித்தன. என்னோடு ஒரே பதுங்கு குழியில் இருந்தவனுக்கு வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அவன் வடக்கே மலைநாட்டுக்காரன், என்னைவிட நான்கு வயது சின்னவன். நான் ஹெலிகாப்டர் கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: மேகம் இறங்கிவிட்டது, இன்று பறக்க முடியாது. தூக்கிக்கொண்டு இறங்கவும் வழியில்லை, பாதை முழுக்கக் குண்டு. செட்டிலிருந்து இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் கேட்டான், "ஆயா க்யா?" வந்துடுச்சா என்று. "ஆ ரஹா ஹை" என்றேன். வந்துகினே இருக்குது என்று. நான்கு மணி நேரம் அவன் அதையே கேட்டான், நானும் அதையே சொன்னேன். பிறகு அவன் கேட்பதை நிறுத்தினான். நான் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் என்னை நம்பினானா என்று எனக்குத் தெரியாது. எனக்காக நம்பியதுபோல் இருந்தானோ என்றும் யோசித்திருக்கிறேன். அது இன்னும் மோசமாக இருக்கும்.

ஊருக்கு வந்த பிறகு 'வரும்' என்கிற சாதாரணச் சொல் என் வாயில் வராமல் போனது. மகள் ஸ்கூல் பையோடு நின்று "வேன் வந்துருமாப்பா?" என்று கேட்பாள். தெரியாது என்பேன். குழந்தையிடம் சொல்கிற பதிலா அது. ஒருமுறை சமையல் சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கு மனைவி மூன்று முறை "இன்னிக்கு வருமா, வராதா?" என்று கேட்டுவிட்டாள். கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தேன். பிறகு செருப்பில்லாமல் வெளியே போய், எங்கே போகிறேன் என்று தெரியாமல் இருங்காட்டுக்கோட்டை வரை நடந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவள் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இன்னாதான் ஆச்சு? அதையாவது சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. அந்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள், இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தாள். வந்த பிறகு எதையும் என்னிடம் வருமா என்று கேட்பதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்வாள்.

இனி அந்த மதியம்.

முந்தின நாள் நல்ல மழை. கம்பெனியின் பின்மதிலோரம் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தோட்டவேலை செய்யும் அக்கா அதை வெட்டிக்கொண்டிருந்தார். வல்லம் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய மகளும் எங்கள் கம்பெனியில்தான், அசெம்பிளி லைனில் வேலை. என்னை அந்த அக்கா 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடுவார். நான் பதில் பேசாவிட்டாலும் தினமும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவார்.

முதல் ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருந்தது. அவர் மதிலைப் பிடித்துக்கொண்டே கேட்டை நோக்கி நடந்து வருவதைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"மிலிட்டரி, பாம்பு புடுங்கிச்சு" என்றார். ஏதோ கடிதம் வந்திருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். கணுக்காலுக்கு மேலே இரண்டு பொட்டு ரத்தம்.

ஓடிப்போய் அவரைத் தாங்கி, கேட் அறையில் இருந்த பெஞ்சில் படுக்கவைத்தேன். பாம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தடியாக, உடம்பு முழுக்க வட்டவட்டமாக இருந்தது, குக்கர் மாதிரி சீறியது என்றார். கண்ணாடி விரியன். சூப்பர்வைசர் ஒருவர் கயிற்றோடு வந்து காலைக் கட்டப் போனார். அதற்குள் ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸ் ஓடிவந்து அதைப் பிடுங்கி எறிந்தாள். "கட்டக் கூடாது, கீறக் கூடாது. கால் அசையவே கூடாது" என்று சொல்லி, இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் காலுக்கு இருபுறமும் வைத்துத் துணியால் சுற்றினாள்.

எங்கள் கம்பெனி ஆம்புலன்ஸ் அன்றைக்குப் பார்த்து எஃப்.சி. சோதனைக்குப் போயிருந்தது. 108 வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். காரில் காலை மடக்கி உட்காரவைக்க நர்ஸ் சம்மதிக்கவில்லை. தெற்கே, ஒரகடம் பக்கம், எங்களுக்கு ஆறாவது கேட் ஒரு பேட்டரி கம்பெனி. அங்கே ஆம்புலன்ஸ் உண்டு. அந்தக் கேட்டில் இருப்பவர் என் நண்பர். தென்காசிப் பக்கத்துக்காரர், பீரங்கிப் படையில் இருந்தவர், இடது காது கேட்காது. போன் போட்டேன். முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் "வண்டி கெளம்பிட்டு வே. பதறாதீரும்" என்றார்.

இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஷிப்ட் விடும் நேரம். ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் பஸ்கள் வரிசையாக வெளியே வந்து சாலையை அடைக்கும். எதிர்ப்பக்கம் அடுத்த ஷிப்ட் ஆட்களோடு வரும் பஸ்கள். நடுவில் கன்டெய்னர் லாரிகள். அந்த அரைமணி நேரம் பைக்கே நுழைய முடியாது.

அக்காவின் கால் என் கண் முன்னால் வீங்கிக்கொண்டிருந்தது. அவர் என் சட்டைக்கையைப் பிடித்தார்.

"இன்னா மிலிட்டரி, வண்டி வருதா?"

எனக்கு வாய் திறக்கவில்லை. பெஞ்சு, கேட் அறை எல்லாம் போய், பதுங்கு குழியின் மண் மூட்டை வாசனை அடித்தது. என் நாக்கில் அந்தப் பழைய பதில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இவரும் செத்துப்போவார் என்று எனக்குத் தோன்றியது. அறிவுக்குப் பொருந்தாது, தெரியும். ஆனால் அப்படித்தான் தோன்றியது.

"நீ பேசாம கீறத பாத்தாதான் எனக்கு பயமா கீது" என்றார் அக்கா. "வருதா இல்லியா, ஒண்ணு சொல்லு. டகுல் வுடாத."

டகுல் விடாதே. பொய் சொல்லாதே. அந்த ஒரு வார்த்தை எனக்குள் எதையோ திறந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டாம். வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதை அப்படியே சொன்னால் போதும். இவ்வளவுதானே. ஐந்து வருடமாக ஏன் இது தோன்றவில்லை?

நண்பருக்குப் போன் போட்டேன். அவர் பைக்கில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். "வயர் கம்பெனி கேட்டுகிட்ட நிக்கோம். முன்னால ஆறு பஸ்ஸு கெடக்கு. நவுர மாட்டேங்கு" என்று கத்தினார்.

"அக்கா, வண்டி வயர் கம்பெனியாண்ட நிக்குது" என்றேன். "முன்னால ஆறு பஸ்ஸு. இப்போதைக்கு நவுரல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். "அப்ப அந்த பஸ்ஸ எடுக்கச் சொல்லு."

அவர் சொன்னது கட்டளை மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நேரத்தில்.

இந்தச் சாலையில் கேட் வேலை பார்க்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கிறது. காலை வணக்கப் படங்களும் வேலை காலி விவரங்களும்தான் அதில் வரும். நான் ஒருநாளும் அதில் எழுதியதில்லை. போனை வாயருகே வைத்துப் பேசினேன்: "பாம்புக்கடி கேஸ். பேட்டரி கம்பெனி ஆம்புலன்ஸ் ரோட்டுல மாட்டிகினு இருக்குது. அடுத்தது எங்க கேட்டு, அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் ஜங்ஷன். எல்லா கேட்டும் மூடுங்க. பஸ்ஸ உள்ளயே நிறுத்துங்க. வெளிய கீற வண்டிய இடது பக்கம் ஒதுக்குங்க. ஓவர்."

ஓவர் என்ற அந்தப் பழைய வயர்லெஸ் சொல், சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு போன் அதிர ஆரம்பித்தது. "மூடிட்டேன்." "ரோஜர்." "ரெண்டு கேட்டும் க்ளோஸ், ரோட்டுக்கு ஆள் இறக்கிட்டேன்." யாரோ இந்தியில், யாரோ மலையாளத்தில். நான் முகம் பார்த்திராத ஆட்கள். ஒரு கேட்டில் மேனேஜர் வந்து யாரைக் கேட்டு மூடினாய் என்று சத்தம் போட்டிருக்கிறார். "சார், அஞ்சு நிமிஷம் கழிச்சு திட்டுங்க, வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் கேட் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம். எங்கள் கேட்டுக்கும் பேட்டரி கம்பெனிக்கும் நடுவில் ஐந்து கேட், எங்களைத் தாண்டி ஜங்ஷன் வரை ஆறு. பதினொன்றும் மூடிவிட்டன.

எங்கள் ஆட்களும் சாலையில் இறங்கியிருந்தார்கள். அவர்களோடு பேச வாக்கி வேண்டும். மேசைமேல் அது இரைந்துகொண்டிருந்தது. எடுத்தேன். கை வேர்த்தது. வேர்த்தால் வேர்க்கட்டும் என்று பேண்ட்டில் துடைத்துவிட்டு அழுத்திப் பேசினேன்.

"இப்ப எங்க கீது?" என்றார் அக்கா.

"வயர் கம்பெனிய தாண்டிடுச்சு."

"இப்ப?"

"கோயில் வளைவு. ஒரு கன்டெய்னர் குறுக்க நிக்குது. ரிவர்ஸ் எடுக்கறான்."

"அறிவு கெட்டவன், அங்க எதுக்கு திருப்புறான்?" என்று அக்கா அந்த டிரைவரைத் திட்டினார். நர்ஸ் அவர் நாடியைப் பிடித்தபடி சிரித்துவிட்டாள். கேட் அறை வாசலில் கூடியிருந்தவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கிரிக்கெட் மேட்சுக்கு ஸ்கோர் சொல்வதுபோல நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் ஒதுங்கிவிட்டது. நாலாவது கேட். மூன்றாவது கேட். பஸ் எல்லாம் உள்ளே. ரோடு காலி. நல்லதை நல்லதாகவும் கெட்டதைக் கெட்டதாகவும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அக்காவுக்கு இரண்டு முறை வாந்தி வந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது. அவர் பயத்தை விட்டுவிட்டு அந்த வண்டியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

சைரன் கேட்டது. என் பதினேழு வருட ராணுவ வாழ்க்கையில்கூட அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"வந்துடுச்சுக்கா" என்றேன். "வந்துடுச்சு. தோ, கேட்டு உள்ள நுழையுது."

"தெரியுது, எனக்கும் காது கீது" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். நர்ஸும் நானும் உள்ளே ஏறினோம். லைனிலிருந்து ஓடிவந்த மகளை முன்சீட்டில் உட்காரவைத்தோம். கதவு சாத்தியதும் வண்டி பறந்தது. நான் சிறிய கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். அந்த நேரத்தில் அந்தச் சாலையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. இடது ஓரம் லாரிகள் வரிசையாக ஒதுங்கி நிற்கின்றன. ஒவ்வொரு கேட்டும் மூடிக் கிடக்கிறது. உள்ளே பஸ் ஜன்னல்களில் தலைகள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் யூனிஃபார்ம் போட்ட ஒரு ஆள் சாலையில் இறங்கி, கை நீட்டிப் போக்குவரத்தை மறித்தபடி நிற்கிறார். வண்டி தாண்டும்போது ஒருவர் சல்யூட் அடித்தார். அடுத்தவர் கேட்டைத் திறக்கத் திரும்பி ஓடினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கத்த வேண்டும் போல இருந்தது. அக்காவின் காலைப் பிடித்திருந்ததால் கத்தவில்லை.

ஜங்ஷனில் போலீஸ்காரர் ஏற்கெனவே வழிவிட்டு வைத்திருந்தார். யாரோ அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, தண்டலம் போகும் வழியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அக்கா பாதி மயக்கத்தில் இருந்தார்.

ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். சிறுநீரகம் பாதித்து மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனார். கால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். இப்போது கேன்டீனில் லைட்டான வேலை பார்க்கிறார். "அசையாம படுத்திருந்ததும் பதறாம இருந்ததும் ரொம்ப உதவுச்சு. யாரு அவங்களோட பேசிட்டு இருந்தது?" என்று, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே டாக்டர் கேட்டார். நர்ஸ் என்னைக் காட்டினாள். நான் வெளியே வந்து, வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

தென்காசி நண்பர் பைக்கில் வந்து சேர்ந்தார். எதுவும் கேட்காமல் என் வலது பக்கம் உட்கார்ந்தார். அவர் எப்போதும் கேட்கும் காது ஆள் பக்கம் வரும்படிதான் உட்காருவார். அன்றைக்கு இடது காது என் பக்கம் இருந்தது. ஒருவேளை அதனால்தான் எனக்குச் சொல்ல வந்ததோ என்னவோ. மலையை, மேகத்தை, நான்கு மணி நேரத்தை எல்லாம் சொன்னேன். முடித்த பிறகு அவர் திரும்பினார். "பாதிதான் கேட்டுது வே. திரும்பச் சொல்லும்" என்றார். திரும்பச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அடுத்த நாள் காலை மனைவியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். "அஞ்சு வருஷமா நான் உங்கள கோவக்காரர்னு நெனச்சினு இருந்தேன்" என்றாள். பிறகு, "என்கிட்ட சொல்றதுக்கு ஒரு பாம்பு வர வேண்டியிருந்துச்சா?" என்று கேட்டாள். அதில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். ராணுவ ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்து வந்ததும் அவள்தான். மாதம் ஒருமுறை போகிறோம். மாத்திரை உண்டு, பேச்சும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பட்டாசு வெடித்தால் இன்னும் சுவரோரம் ஒதுங்குகிறேன். சில நாள் வாக்கியை எடுத்ததும் கை வேர்க்கிறது. ஆனால் எடுக்கிறேன். அந்த மலைநாட்டுக்காரன் நம்பினானா என்ற கேள்விக்கு டாக்டரிடமும் பதில் இல்லை. "நீங்க கடைசி வரைக்கும் அவர் பக்கத்துல இருந்தீங்க, அதுவும் உண்மைதானே" என்றார். அதை மெதுவாக மென்றுகொண்டிருக்கிறேன்.

பாம்பு கடித்த அந்த வாரமே குரூப்பில் நான் இரண்டாவது முறையாகப் பேசினேன். கேட்டை மூடியவர்களை நேரில் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை தண்டலம் ஓட்டல் ஒன்றில் டிபன், வர முடிந்தவர்கள் வாருங்கள் என்றேன். நாலு பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். மறைமலை நகர் பக்கத்திலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார், அவருக்கும் எங்கள் சாலைக்கும் சம்பந்தமே இல்லை. மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அவரவர் கேட்டில் என்ன நடந்தது என்று. சத்தம் போட்ட மேனேஜர் கடைசியில் தட்டிக்கொடுத்த கதையைச் சாவிக்காரர் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். ஓட்டல்காரர் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார்.

பேச்சு ஒரு கணம் ஓய்ந்தபோது, மேசைக்கோடியில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒருவர், வயர் கம்பெனி கேட்டில் நிற்பவர், இட்லித் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கு வூட்டுக்குள்ள உக்காந்தா மூச்சு முட்டுது. அதான் ரெண்டு ஷிப்டும் நானே பாக்கறேன். ஓ.டி. காசுக்கு ஆசைன்னு நெனக்கிறாங்க."

தென்காசிக்காரர் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நானும் எழுந்தேன். இன்னும் எத்தனை பேர் இப்படிப் பேசாமல் இந்தச் சாலை முழுக்க நிற்கிறார்களோ, இன்றைக்கே எல்லோரையும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

"எப்பத்துல இருந்து?" என்று கேட்டேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஓட்டல்காரரிடம் இன்னும் பதினைந்து காப்பி சொன்னோம்.